டேக் அறுபத்தொன்று

மின்விசிறியை நிறுத்தியாயிற்று.
ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று,
பால் திரிந்தால் காலையில் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்.
பீரோவின் இரண்டு கதவையும் திறந்து
அமிர்தகலாவின் புடவைகளுக்குள்
மைக்கோடு தலையை நுழைத்து நிற்கிறேன்.
பட்டு கொஞ்சம் எதிரொலிக்கும். நூல் சேலைகள் உத்தமம்.
நீடாமங்கலத்தில் இதைவிட அமைதியான இடம் கிடையாது
என்று இந்த அந்துருண்டை வாசனைமேல் சத்தியம் செய்வேன்.

மணி ஒன்று இருபது. சிவப்பு விளக்கு.
முதல் வரி பாதி தாண்டவில்லை,
பகலில் நான் பில் போட்ட நெல்லையே ஏற்றிக்கொண்டு
கேட்டில் ஊளையிடுகிறது கூட்ஸ் வண்டி.

அழி.

ஆடியில் திருப்பூரிலிருந்து அருள்செல்வன்
கிடாரை வாசித்து அனுப்பினான்.
இது மாசி.
'ஒரே ஒரு பாட்டு, நாலே நிமிஷம்' என்று
அவன் கேட்பதையும் நிறுத்திவிட்டான்.
ஃபைனல், ஃபைனல் இரண்டு, நிஜ ஃபைனல்,
இதுதான் ஃபைனல் என்று
கணினியில் ஒரு பட்டாமணியம் பரம்பரையே இருக்கிறது.
சரணத்தின் கடைசிச் சொல் கீழே இறங்க வேண்டும்.
இறங்கும் வழியிலேயே வற்றிவிடுகிறது குரல்.
மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தும்
கடைமடையில் வெடித்துக் கிடக்கும் வாய்க்கால்தான்
என் தொண்டை.

ஒவ்வொரு 'ச'வும் சீறுகிறது. சீவினேன்.
'ழ'வில் நாக்கு ஒட்டும் சத்தம். அறுத்தேன்.
சுருதிக் கோட்டை வரப்புபோல் நேராக்கினேன்.
வரிகளுக்கு நடுவே கிடந்த மூச்சுகளை
ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தேன்,
நாற்றங்காலில் கோரை பறிப்பதுபோல.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு வரை எடுக்கலாம்.
தைலம்மைக்குப் பதினெட்டு புள்ளி ஆறு.
'காயவச்சு எடுத்துட்டு வாங்க.'
மூன்று நாள் ரோட்டோரத்தில் கொட்டி
காலால் கிளறிக் கிளறி நடந்தாள்.
நான்காம் நாள் கிழக்கே கருத்துக்கொண்டு நின்றது.
மீட்டர் பதினேழு புள்ளி இரண்டு காட்டியது.
பதினேழு என்று எழுதினேன்.
பேனா தயங்கவேயில்லை.

அதே கைதான்
இரவில் ஒரு நூலளவு சுருதிக்காக
அறுபது முறை அழித்தது.

மிக்ஸிங்கை எங்கெங்கோ போட்டுப் பார்க்க வேண்டுமாம்.
ஹெட்ஃபோனில், டிவியில், மாமனார் காரில்,
கடைசியாக மாசிலாமணியின் கீறல் விழுந்த செல்போனில்.
மூட்டைமேல் உட்கார்ந்து டீயோடு கேட்டார்.
'யாரு சார் பாடுறது?'
'நான்தான்.'
'ஒங்க தொண்டை மாதிரி இல்லியே.
மூச்சே விடாம பாடுறாரு.
ஆளு இருக்காரா, போய்ட்டாரா?'
பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

அவர் எழுந்து துண்டைச் சும்மாடு கட்டினார்.
ஒரு இழுப்பு, மார்பு கொள்ளும் அளவுக்கு.
பிறகு மூட்டை. பிறகு எண்ணிக்கை.
'லாபம்ம்ம்...'
ஒன்று என்று சொல்ல மாட்டார்கள் களத்தில்.
'ரெண்டு... மூணு...'
ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் அந்த இழுப்பு.
அன்று முழுக்க பில்லில் தலை நிற்கவில்லை,
அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
எவ்வளவு சத்தமாக இருந்தது!

ஆகவே, மணி ஒன்று நாற்பத்தைந்து.
வண்டி போய்விட்டது. கேட் திறந்திருக்கும்.
கோப்புக்குப் பெயர் கேட்கிறது கணினி.
லாபம் என்று தட்டுகிறேன்.
புடவைகளுக்குள் மூச்சை இழுக்கிறேன், பாடுகிறேன்.
மூலையில் எங்கோ ஒரு தவளை,
இரண்டே இரண்டு தரம்.
கடைசிச் சொல் கீழே போய்ச் சேரவில்லை,
ஆனால் இந்த முறை
எதுவரைக்கும் வந்தது என்று ஈரம் தெரிகிறது.

மூச்சுகளை விட்டுவைத்தேன்.
தவளையையும்.

இரண்டாவது வரியில் அந்த 'ச' மட்டும்
இன்னும் லேசாகச் சீறுகிறது.
லேசாகத்தான்.
ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டு வருகிறேன்,
பிறகு அதை ஒரே ஒரு முறை